செகண்ட் ஹேண்ட் ஹை-எண்ட் ஆடியோ: வாங்குபவருக்கும் விற்பவருக்கும் முழுமையான வழிகாட்டி

நல்ல ஸ்டீரியோ செட் ஒன்றைப் புதிதாக வாங்கலாம் என்று கடைக்குப் போய் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், ப்ளேயர், வயர் என்று கூட்டிப் பார்த்தால் பாதிப் பேருக்கு அங்கேயே ஆசை அடங்கிவிடும். இறக்குமதி வரி, டீலர் லாபம் எல்லாம் ஏறி, வெளிநாட்டில் ஒரு விலை, இங்கே ஒரு விலை. அதே பொருள் நான்கைந்து வருடம் ஒருவர் வீட்டில் பாடிவிட்டு வந்தால் விலை பாதிக்குப் பக்கத்தில் நிற்கும். சத்தம் அப்படியேதான் இருக்கும். அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்குவது புத்திசாலித்தனம்தான், ஆனால் மாட்டிக்கொள்ளவும் இங்கே நிறைய வழி உண்டு.

மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் முகப்பில் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து வாங்கியவர்கள். நான் யார் கேட்டாலும் சொல்வது ஒன்றுதான்: இது நாளைக்குக் கெட்டுப்போனால் சரிசெய்ய ஆள் இருக்கிறாரா, பார்ட்ஸ் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். சத்தம், அழகு, பெயர், விலை எல்லாம் அப்புறம். விற்கும்போது உங்களுக்குக் கிடைக்கப்போகும் விலையையும் கடைசியில் இதே கேள்விதான் தீர்மானிக்கும்.

எதைப் பழையதாக வாங்கலாம்

பழையதாக வாங்க மிகவும் பாதுகாப்பானது பாஸிவ் ஸ்பீக்கர், அதாவது உள்ளே ஆம்ப்ளிஃபயர் இல்லாதது. உள்ளே இருப்பது கூம்பு, காயில், காந்தம், ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் நாலைந்து பாகங்கள், அவ்வளவுதான். கூம்பைச் சுற்றியிருக்கும் வளையம் ரப்பராக இருந்தால் இருபது முப்பது வருடம் ஆகியும் நன்றாகவே இருக்கும். ஃபோமாக இருந்தால் கதை வேறு, அதைக் கீழே சொல்கிறேன்.

அடுத்தது தனித்தனி டிரான்சிஸ்டர் வைத்துக் கட்டிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். 1978-ல் வந்த நாட் (NAD) 3020 மாதிரி எளிமையான ஆம்ப்பை விஷயம் தெரிந்த மெக்கானிக் யாரும் பிரித்து மேய்ந்துவிடுவார். மாற்ற வேண்டிய கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர் எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. அதே காலத்தில் எஸ்டிகே என்று தொடங்கும் ஒற்றை மாட்யூலில் ஓடிய ஜப்பானிய ஆம்ப்கள் ஏராளமாக வந்தன. அந்த மாட்யூல்களின் அசல் உற்பத்தி நின்று நெடுங்காலம் ஆகிவிட்டது, இப்போது அதே எண்ணில் கிடைப்பதில் போலியே அதிகம். வாங்கலாம், ஆனால் அதற்கேற்ற விலைக்கு.

ரெக்கார்டு ஓட்டும் டர்ன்டேபிளும் நல்ல முதலீடு. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 முதலில் வந்தது 1972-ல், 2010-ல் நிறுத்தினார்கள், மக்கள் விடவில்லை, 2016-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்படி நெடுங்காலம் விற்ற மாடல் என்றால் உதிரி பாகம், கையேடு, தெரிந்த ஆள் மூன்றுமே கிடைக்கும்.

சிடி ப்ளேயர் கொஞ்சம் சூதாட்டம். லேசர் பிக்கப் எந்த மாடல் என்று தெரிந்து, அது இன்னும் கிடைக்கிறது என்று உறுதியான பிறகுதான் கை வைக்க வேண்டும். லேசர் போனபின் வேறு லேசர் இல்லையென்றால் இருபது கிலோ அலுமினியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஏவி ரிசீவர் (ஹோம் தியேட்டர் ஆம்ப்), நெட்வொர்க் ஸ்ட்ரீமர் (இணையத்திலிருந்து பாட்டு எடுக்கும் பெட்டி) இரண்டும் வாங்கிய நாள் முதலே மதிப்பு கரைபவை, அதிலும் பழைய ரிசீவர் திறந்துவைத்த பால் மாதிரி. எச்டிஎம்ஐ தலைமுறை மாறும், போர்டு போகும், ஸ்ட்ரீமருக்குக் கம்பெனி செயலியை நிறுத்திவிடும். மிக மலிவாகக் கிடைத்தால் வாங்குங்கள், ஒரு காலத்தில் அது என்ன விலை விற்றது என்று விற்பவர் சொல்லும் கதையைக் கேட்டு மயங்க வேண்டாம்.

விலையுயர்ந்த கேபிள்? அதில் போலி அதிகம், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். நான் வாங்க மாட்டேன்.

பெயரில் இருக்கும் மயக்கம்

விளம்பரத்தில் "கேரார்ட் டர்ன்டேபிள், இங்கிலாந்து, ரேர்" என்று போட்டிருப்பார்கள். கேரார்ட் 301, 401 என்ற இரண்டு மாடல்களுக்குத்தான் உலகம் முழுக்க அடித்துக்கொள்கிறார்கள். 301 வந்தது 1954-ல், 401 வந்தது 1965-ல். இந்தியாவில் பழைய ரேடியோகிராம் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் பெரும்பாலும் கேரார்டின் சாதாரண ஆட்டோ சேஞ்சர் (ரெக்கார்டுகளைத் தானே மாற்றிப் போடும் வகை). பெயர் ஒன்று, விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சான்சுய், அகாய் விஷயமும் இதுதான்: எழுபதுகளில் அவர்கள் செய்த ஆம்ப்பும் டேப் டெக்கும் வேறு, பிற்காலத்தில் அதே பெயரை ஒட்டிக்கொண்டு வந்த டிவியும் ஹோம் தியேட்டர் பெட்டியும் வேறு. அதனால் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணைக் கேளுங்கள், முன்பக்கப் பெயரைக் கேட்காதீர்கள்.

பிபிசிக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். ரோஜர்ஸ், ஸ்பென்டார், ஹார்பெத், கெஃப் என்று பல கம்பெனிகள் உரிமம் வாங்கிச் செய்தார்கள். 15 ஓம், 11 ஓம் என்று இரண்டு தலைமுறை உண்டு. ஜோடி ஜோடியாகப் பொருத்திப் பார்த்து, அடுத்தடுத்த சீரியல் எண்ணில் விற்றார்கள். ஆகவே ஒன்றின் எண்ணும் மற்றதன் எண்ணும் ஒட்டவில்லை என்றால், இரண்டு வேறு ஜோடியில் தப்பிப் பிழைத்தவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கேட்பதற்கு நன்றாகவே இருக்கலாம், முழு ஜோடி விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

வோல்டேஜைப் பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள்

ஜப்பான் வீடுகளில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நம்மிடம் 230. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த அருமையான பொருட்கள் இங்கே நிறைய வந்து இறங்குகின்றன. பின்னால் 100 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்து, செலக்டர் சுவிட்சும் இல்லையென்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஓட்டவே முடியாது. டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது ஆம்ப் இழுக்கும் வாட்டைப் போல ஒன்றரை மடங்கு, முடிந்தால் இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். அந்தச் செலவையும் பேரத்தில் சேர்க்க வேண்டும்.

டர்ன்டேபிளில் இன்னொரு சிக்கல். மோட்டார் நேரடியாக மின்சாரத்தின் ஹெர்ட்ஸை நம்பி ஓடும் வகையாக இருந்து, அது 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த அமெரிக்க மாடல் என்றால், நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். எந்த வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மரும் இதைச் சரிசெய்யாது. 50 ஹெர்ட்ஸ் புல்லி கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். எஸ்எல்-1200 மாதிரி டைரக்ட் டிரைவில் இந்தத் தொல்லை இல்லை, வோல்டேஜ் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

பழைய பிரிட்டிஷ் பொருட்கள் 240 வோல்ட், இங்கே அப்படியே ஓடும். ஆனால் குவாட், நைம் போன்றவற்றில் இன்று நாம் பயன்படுத்தும் ஆர்சிஏ பின்னுக்குப் பதில் வட்டமான டிஐஎன் (DIN) சாக்கெட் இருக்கும். அதற்கு வயர் தனியாகச் செய்ய வேண்டும்.

விலை எப்படிப் போடுவது

கேட்கும் விலையும் விற்ற விலையும் வேறு வேறு. மூன்று மாதமாக ஒரே விளம்பரம் ஒரே விலையில் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை என்று அர்த்தம், ஆனால் அடுத்து விற்க வருபவர் அதைப் பார்த்துத்தான் தன் விலையைப் போடுவார். வெளிநாட்டுத் தளங்களில் முடிந்த விற்பனைகளை மட்டும் பிரித்துக் காட்டும் வசதி உண்டு, அதைப் பாருங்கள். அதோடு இங்கே கொண்டுவரும் செலவையும் எண்ணிக்கொள்ளுங்கள். சுங்க வரியைப் பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை, சரக்குக் கட்டணத்தையும் கூட்டித்தான் போடுகிறார்கள். 30 கிலோ ஆம்ப்புக்கு அது சின்னத் தொகை இல்லை.

இன்னொரு கணக்கு, ரிப்பேருக்கு ஒதுக்குவது. முப்பது வருடத்துக்கு மேலான எதை வாங்கினாலும் விலையில் ஐந்தில் ஒரு பங்காவது சர்வீஸுக்கு ஆகும் என்று வைத்துக்கொண்டே பேரம் பேசுங்கள். ஆகவில்லையென்றால் லாபம்.

போனில் என்ன கேட்பது

நேரில் போவதற்கு முன் பாதி உண்மை போனிலேயே வந்துவிடும். கேட்கும் விதம்தான் முக்கியம். "நல்லா இருக்கா சார்?" என்று கேட்டால் "சூப்பரா இருக்கு" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "கடைசியா எப்ப சார் பாடுச்சு?" என்று கேளுங்கள். "போன வாரம் கூட" என்பதற்கும் "வீடு மாத்தினப்போ பார்த்தேன், அப்போ நல்லாத்தான் இருந்துச்சு" என்பதற்கும் இடையில் சில ஆயிரம் ரூபாய் இருக்கிறது. அப்புறம் யார் சர்வீஸ் செய்தார், என்ன மாற்றினார், பில் இருக்கிறதா, ரிமோட், அட்டைப்பெட்டி இருக்கிறதா, ஏன் விற்கிறார். இதற்கெல்லாம் எரிச்சல்படுகிறவரிடம் வாங்கி நிம்மதியாக இருக்க முடியாது.

விளம்பர மொழிக்குப் பழகிக்கொள்ள வேண்டும். "டெஸ்ட் பண்ண வசதி இல்லை" என்றால் ஓடவில்லை என்றே எடுத்துக்கொண்டு விலை சொல்லுங்கள். "சின்ன வேலைதான், ஒரு ஐந்நூறு ரூபாய் ஆகும்" என்றால், ஐந்நூறு ரூபாய் செலவழித்து விலையை ஐயாயிரம் ஏற்றாமல் ஏன் விட்டார் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். "லைட்டா ஹம் வரும்" என்பது மட்டும் கொஞ்சம் பாவம், அவர் வீட்டுச் சுவிட்ச்போர்டில் எர்த் இல்லாமலும் இருக்கலாம்.

நேரில் பார்க்கும்போது

கையில் எடுத்துப் போக வேண்டியவை: மல்டிமீட்டர், டார்ச், ஒன்றரை வோல்ட் பேட்டரி செல் ஒன்று, இரண்டு துண்டு ஸ்பீக்கர் வயர், நீங்கள் மனப்பாடமாக அறிந்த பாட்டுகள் கொண்ட போனும் அதை ஆம்ப்பில் செருக வயரும், பழைய சின்ன ஸ்பீக்கர் ஒரு ஜோடி. பகலில் போங்கள். "ஆன் பண்ணி வைக்க வேண்டாம் சார், நான் வந்தப்புறம் போட்டுக்கலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆம்ப்பின் பல நோய்கள் குளிர்ந்த நிலையில்தான் தெரியும், சூடானதும் மறைந்துவிடும்.

முதலில் மூக்கு, அப்புறம் கண். கருகிய வாடை வருகிறதா, திருகுகளின் தலை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் யாரோ பலமுறை திறந்திருக்கிறார்கள். விற்பவர் சம்மதித்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேல் மூடியை அவரே கழற்றட்டும். டார்ச் அடித்துப் பாருங்கள்: பெரிய கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, போர்டில் கருமை இருக்கிறதா, ஒரு பக்க டிரான்சிஸ்டர்கள் பழையதாகவும் மறுபக்கம் பளபளவென்றும் இருக்கிறதா. பவர் டிரான்சிஸ்டரில் போலி நம் சந்தையில் தாராளம், அதனால் மாற்றியிருந்தால் எங்கே வாங்கியது என்று கேளுங்கள். நம் ஊரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பல்லி. சூடான ஆம்ப்புக்குள் ஒதுங்கி, இரண்டு முனைகளுக்கு நடுவே படுத்து, தானும் செத்து போர்டையும் எரித்த பல்லியின் எலும்புக்கூடு இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எலிப்புழுக்கை இருந்தால் வயர் உறைகளையும் ஒரு பார்வை பாருங்கள். கடற்கரைக்குப் பக்கத்து வீடு என்றால் பின்பக்க சாக்கெட்டுகளில் பச்சை பூத்திருக்கும், அது பெரும்பாலும் துடைத்தால் போய்விடும்.

மூடியைத் திறந்த நிலையில் உள்ளே விரல் விடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், அதிலும் வால்வ் ஆம்ப்பில் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாயில் ஓடுவது) நானூறு வோல்ட் கூட நிற்கும்.

வருடக்கணக்கில் ஓடாமல் பரணில் கிடந்த ஆம்ப்பை நேரடியாக ஆன் செய்ய விடாதீர்கள். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் பல்ப் தெரியும் இல்லையா, 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்தது, அதன் வழியாகக் கொடுங்கள். பல்ப் ஒருமுறை மின்னி மங்கினால் பரவாயில்லை. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட். அணைத்துவிட்டு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம், அல்லது பார்ட்ஸ் விலைக்குக் கேட்கலாம்.

ஆன் ஆனதும் சில நொடி கழித்து "டிக்" என்று ரிலே விழும் சத்தம் வர வேண்டும் (எல்லா மாடலிலும் இருக்காது). அப்போது ஸ்பீக்கர் எதுவும் மாட்டாமல், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, பத்து நிமிடம் கழித்து, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்டில் வைத்து அளவெடுங்கள். 50 மில்லிவோல்டுக்குள் இருந்தால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் உங்கள் ஸ்பீக்கரை அதில் மாட்டக் கூடாது. ஒரு எச்சரிக்கை, இந்தச் சோதனை டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு மட்டும்தான். வால்வ் ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும், அதன் விலைதான் அந்த ஆம்ப்பின் விலையில் பெரும்பகுதி.

அப்புறம் அந்தச் சின்ன ஸ்பீக்கரை மாட்டிப் பாட்டு போடுங்கள். வால்யூமை மெதுவாகத் திருப்பும்போது கரகரவென்றால் தூசி, காண்டாக்ட் க்ளீனரில் போய்விடும், அதற்காக விலை குறைக்கலாம், வாங்காமல் விட வேண்டியதில்லை. குறைந்த வால்யூமில் ஒரு பக்கம் பாடாமல், ஏற்றினதும் திடீரென்று பாடினால் ரிலே முனைகள் கறுத்துவிட்டன, அதுவும் சின்னச் செலவுதான். ஒரு பக்கம் எப்போதுமே மெல்லிதாகவோ உடைந்தோ கேட்டால் இடது வலது வயரை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு வயரோடு நகர்ந்தால் போனில் அல்லது வயரில், அங்கேயே நின்றால் ஆம்ப்பில். ஒவ்வொரு இன்புட்டையும், பேலன்ஸ், டோன், போனோ (டர்ன்டேபிள் இன்புட்) எல்லாவற்றையும் திருப்பிப் பாருங்கள். ஒரு மணி நேரமாவது ஓடட்டும். சூட்டை வெளியேற்றும் இரண்டு பக்க ஹீட்சிங்க்கையும் தொட்டுப் பார்த்தால் ஒரே சூடாக இருக்க வேண்டும். இந்த ஒரு மணி நேரம் வெறுமனே காத்திருப்பது கஷ்டம்தான், ஆனால் அதற்குள் விற்பவரின் கதை முழுவதும் வந்துவிடும், பேரத்துக்கு அது உதவும்.

எந்தப் பாட்டைப் போடுவது? ஹை-எண்ட் கடைகளில் போடும் பளபள டெமோ பாட்டு வேண்டாம், அதில் எல்லாமே நன்றாகக் கேட்கும். தம்பூரா சுருதி மட்டும் ஓடும் பதிவு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், இரைச்சலும் ஹம்மும் அதன் அடியில் உடனே தெரியும். மிருதங்கத்தின் தொப்பி கும்மென்று வந்து உடனே நிற்க வேண்டும், இழுத்துக்கொண்டே போனால் ஸ்பீக்கரில் கோளாறு அல்லது அறையில். பழைய மோனோ பதிவில் ஒற்றைக் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு சேனல் பலவீனம், நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கலைந்து கேட்டால் ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது.

ஸ்பீக்கர்

வலையைக் கழற்றுங்கள். முடியாது என்றால் ஏன் என்று கேளுங்கள். கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். ரப்பர் வளையும். ஃபோம் பழையதானால் பிசுபிசுவென்று ஒட்டும் அல்லது பொடியாக உதிரும். எழுபது முதல் தொண்ணூறுகள் வரை வந்த ஜேபிஎல், இன்ஃபினிட்டி மாடல்கள் பலவற்றில் ஃபோம்தான், நம் ஈரக்காற்றில் அது சீக்கிரமே உதிர்ந்துவிடும். புது ஃபோம் ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள், சரியாக ஒட்டினால் ஸ்பீக்கர் மீண்டும் பல வருடம் பாடும். ஆகவே ஃபோம் போன நல்ல ஸ்பீக்கர் மலிவாக வந்தால் விடாதீர்கள், ஒட்டுபவரிடம் செலவு கேட்டுவிட்டு அதைக் கழித்து விலை சொல்லுங்கள். உயர்ந்த ஒலிக்கான சின்ன ட்வீட்டர் போயிருந்தால் மட்டும் ஜாக்கிரதை. இன்ஃபினிட்டியின் எமிட் ட்வீட்டர் மாதிரி தனி வகைகளுக்கு மாற்று கிடைப்பது அரிது.

அடித்தொனிக்கான பெரிய வூஃபர் கூம்பின் மையத்துக்கு இருபுறமும் விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே தள்ளுங்கள். சத்தமில்லாமல் போய்த் திரும்ப வேண்டும். சரசரவென்று உரசினால் காயில் கோணியிருக்கிறது. ஆம்ப் கழற்றிய நிலையில் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்ட வேண்டும். பேட்டரி செல்லின் பிளஸை பிளஸில் ஒரு கணம் தொட்டால் வூஃபர் பொதுவாக வெளியே வரும், எப்படியானாலும் இரண்டிலும் ஒரே திசையில் நகர வேண்டும். கடைசியாக, ஒவ்வொரு ட்வீட்டரின் பக்கத்திலும் காதை வைத்துக் கேளுங்கள். தூர நின்று கேட்டால் செத்த ட்வீட்டர் தெரியவே தெரியாது, விற்பவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

குவாட் இஎஸ்எல் மாதிரி எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் வேறு ஜாதி. 1957-ல் வந்த முதல் மாடலை இன்றும் கொண்டாடுகிறார்கள், குரல் அப்படி இருக்கும். ஆனால் உயர் வோல்டேஜில் ஓடும் மெல்லிய படலம் அது, ஈரமும் தூசியும் சேர்ந்தால் படபடவென்று பொறி விடும். ஏசி ஓடாத கடலோர வீட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

டர்ன்டேபிள், சிடி

தட்டைக் கையால் சுற்றிவிடுங்கள், உரசாமல் நெடுநேரம் சுற்ற வேண்டும். ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் தலையைப் பிடித்து மிக லேசாக அசைத்துப் பார்த்தால் பேரிங்கில் ஆட்டம் தெரியக் கூடாது. எடையைச் சமன்செய்து ஆர்ம் காற்றில் மிதக்கும் நிலையில் ஊதிவிட்டால் தடையின்றி நகர வேண்டும். வேகத்தைப் பார்க்க போனைத் தட்டில் வைத்துக் காட்டும் செயலிகளே போதும். ஊசியை நம்பாதீர்கள். 500 முதல் 1000 மணி நேரம் வரைதான் அதன் ஆயுள், எத்தனை மணி நேரம் ஓடியது என்று யாரும் எண்ணி வைப்பதில்லை. புது ஊசியின் விலையைக் கழித்தே பேசுங்கள். ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜ் மூவிங் காயில் வகை என்றால் பெரும்பாலும் ஊசியை மட்டும் மாற்ற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிடி ப்ளேயரில் கடைசிப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது, விளிம்புக்கு வரும்போதுதான் களைத்த லேசர் தடுமாறும். வீட்டில் பதிவுசெய்த சிடி ஒன்றும் கொண்டுபோங்கள், அசல் சிடியை விட அதைப் படிப்பது கஷ்டம். ட்ரே திறக்க அடம்பிடித்தால் உள்ளே ரப்பர் பெல்ட், சில ரூபாய் வேலை.

பணம் கொடுப்பது

பார்க்காமல் முழுப்பணம் அனுப்பக் கூடாது, யார் சிபாரிசு செய்தாலும். வெளியூர் என்றால் அந்த ஊரில் யாராவது தெரிந்தவரை அனுப்புங்கள், அல்லது வீடியோ காலில் நீங்கள் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டட்டும். முன்கூட்டியே எடுத்த வீடியோ போதாது. விற்பவர்களுக்கு வரும் மோசடி ஒன்று எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் தினமும் யாராவது விழுகிறார்கள்: வாங்குகிறேன் என்று வருபவர் பேரமே பேசாமல் சம்மதிப்பார், ராணுவத்தில் இருக்கிறேன் என்பார், பணம் வர இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் போடுங்கள் என்பார். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை, பின் போட்டால் உங்கள் பணம் போகிறது என்று பொருள்.

தனிநபருக்கு யுபிஐயில் பொதுவாக ஒரு நாளைக்கு 1 லட்சம் வரைதான். பெரிய தொகைக்கு வங்கி வழியே போடுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் மாடல், சீரியல் எண், தொகை, தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் இருவருக்கும் நல்லது.

அப்பா வைத்திருந்த செட்டை விவரம் தெரியாத மகன் மிகக் குறைந்த விலைக்கு விற்க வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். சில ஆயிரம் வித்தியாசம் என்றால் அது உங்கள் அதிர்ஷ்டம். பத்தில் ஒரு பங்கு விலை என்றால் சொல்லிவிடுங்கள் என்பதே என் கட்சி. "தம்பி, இது இன்னும் நல்ல விலை போகும், எனக்கு இவ்வளவு முடியும்" என்று சொன்னவருக்குத்தான் அதே வீட்டின் ரெக்கார்டுகளும் வந்து சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கொண்டு வருவது

முடிந்தால் நீங்களே காரில் கொண்டு வாருங்கள். பார்சல்தான் என்றால் அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டி, இடையில் தெர்மோகோல் தகடு. குமிழ் ஷீட் மட்டும் சுற்றி அனுப்பினால் கனமான ஆம்ப்பின் முன் தகடு வளைந்தே வரும். இருபது கிலோவுக்கு மேல் என்றால் பிளைவுட் பெட்டி அடித்துவிடுங்கள், கார்ப்பெண்டர் கூலி வீண் போகாது. டர்ன்டேபிளில் தட்டு, பின் எடை, ஹெட்ஷெல் (ஆர்மின் முனையில் இருக்கும் தலை) மூன்றையும் கழற்றித் தனியாகப் பொதிந்து, ஆர்மை அதன் தாங்கியில் கட்டிவிட வேண்டும். தட்டைக் கழற்றாமல் அனுப்பினால் பேரிங் போய்விடும். வால்வ் ஆம்ப்பில் வால்வுகளை எண் போட்டுக் கழற்றித் தனிப் பெட்டியில். பிரிக்கும்போது முதல் டேப் கிழிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள்.

நீங்கள் விற்கும்போது

மேலே சொன்னதெல்லாம் தெரிந்த ஒருவர் உங்கள் வீட்டுக்கு வருகிறார் என்று நினைத்துத் தயாராகுங்கள், அவ்வளவுதான். அந்தச் சோதனைகளை நீங்களே செய்து, மல்டிமீட்டர் எண்ணைப் படமெடுத்து விளம்பரத்தோடு போட்டால் வெட்டி அழைப்புகள் பாதியாகக் குறையும். தூசி தட்டுங்கள், கரகரக்கும் வால்யூமைச் சுத்தம் செய்யுங்கள், இந்த இரண்டு வேலையும் செலவைவிட அதிகம் திருப்பித் தரும். மொத்தக் கெப்பாசிட்டரையும் மாற்றிவிட்டு விற்கலாம் என்று மட்டும் போகாதீர்கள், அந்தப் பணம் திரும்பாது. வாங்குபவர் தன் மெக்கானிக்கைத்தான் நம்புவார், உங்கள் மெக்கானிக்கை இல்லை.

படம் பகல் வெளிச்சத்தில், முன், பின், மேல், சீரியல் எண் ஸ்டிக்கர், கீறல் இருந்தால் கீறலுக்கு அருகில். குறையை முதலிலேயே எழுதிவிடுங்கள். நேரில் வந்தபின் அவர் கண்டுபிடித்தால் ஒரு கீறலுக்குப் பத்து சதவீதம் கேட்பார். பில், பெட்டி, கையேடு, ரிமோட் இருந்தால் கட்டாயம் குறிப்பிடுங்கள். தொலைந்த ரிமோட்டுக்கு மாற்று இருக்கிறதா என்று விற்பதற்கு முன்பே தேடிப் பாருங்கள், அந்த ரிமோட்டில் மட்டுமே மெனு திறக்கும் மாடல் என்றால் அது இல்லாமல் பாதி விலைதான். ஸ்ட்ரீமர் என்றால் உங்கள் கணக்கை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள்.

விலையை ஓரளவு ஏற்றிப் போடுவது ஊர் வழக்கம், ஆனால் ரொம்ப ஏற்றினால் அழைப்பே வராது. "லாஸ்ட் ப்ரைஸ் என்ன?" என்று மட்டும் கேட்டு வரும் செய்திக்கு, "நேரில் வந்து கேளுங்க சார், பேசிக்கலாம்" என்பதே போதும். பார்க்கக்கூட வராதவரிடம் விலை குறைத்தால் அடுத்து வருபவருக்கு அதுதான் தொடக்க விலை. வந்து கேட்பவரை அவசரப்படுத்தாதீர்கள், முடிந்தால் இன்னொருவரையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பணம் கணக்கில் விழுந்ததை வங்கிச் செயலியில் நீங்களே திறந்து பார்த்த பிறகே பெட்டியைக் கட்டுங்கள். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் கணக்கில் வராது.

கொடுத்த பிறகு ஒரு வாரத்துக்குள் அவர் போன் செய்தால் எடுங்கள். பெரும்பாலும் வயர் மாற்றிப் போட்டிருப்பார், அல்லது சத்தத்தை டேப் டெக் பக்கம் திருப்பும் டேப் மானிட்டர் பட்டன் அழுந்தியிருக்கும், சத்தமே வரவில்லை என்று பதறுவார். இரண்டு நிமிடத்தில் தீரும் விஷயம்.